ஐஸ் பாருக்கும் ஆறு மணி பஸ்ஸுக்கும் நடுவே எழுதுவது எப்படி

எங்கள் பக்கம் எழுத ஆரம்பிக்கிற பிள்ளைகள் முதலில் செய்கிற காரியம் தனுஷ்கோடிக்குப் போவது. 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயத்துக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ, அரிச்சல்முனையில் ஒரு போட்டோ, வீட்டுக்கு வந்து அலையைக் கூப்பிட்டு நியாயம் கேட்கிற ஒரு கவிதை. நானும் எழுதியிருக்கிறேன். கிழித்தும் போட்டிருக்கிறேன். புதிதாக எழுத வருகிறவர்களுக்கு நான் வைக்கிற முதல் நிபந்தனையே இதுதான்: அந்தத் தேவாலயத்தை ஒரு வருஷத்துக்குத் தொடாதீர்கள். அதன் மேல் ஏற்கெனவே ஆயிரம் பேரின் கண் பட்டிருக்கிறது. உங்கள் கண்ணுக்கென்று அங்கே மிச்சம் எதுவும் இல்லை.

மண்டபத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. எந்தப் படகுக்கு எத்தனை பார் போனது, யார் காசு கொடுத்தார்கள், யார் 'அடுத்த நடைக்குத் தர்றேன்' என்று போனார்கள், இதுதான் நாள் முழுக்க. கதை எழுதுவது இதன் இடுக்கில். ஆகவே இந்தக் கட்டுரை வேலையை விட்டுவிட்டு மலைக்குப் போய் எழுத முடிகிறவர்களுக்கு அல்ல. சீட்டுப் பணம், பிள்ளையின் டியூஷன், மச்சினன் கல்யாணம், கூப்பிட்டால் போயே ஆகவேண்டிய கூட்டாளிகள், இத்தனைக்கும் நடுவில் எழுதவோ வரையவோ ஆசைப்பட்டு, 'ஒண்ணும் தோண மாட்டேங்குதே' என்று உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு.

தனுஷ்கோடியில் பார்க்க வேறொன்று இருக்கிறது. அங்கே குடிசை போட்டிருக்கிறவர்கள் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பார்கள். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படலம் மாதிரி நிற்கிறது. அதைத்தான் எடுக்கிறார்கள். ஒருமுறை ஓர் ஆச்சி எடுக்கிறதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். குழியில் முதலில் ஊறிய தண்ணீர் மணலும் கலங்கலுமாக இருந்தது. ஒரு கிண்ணத்தால் அதை அள்ளி வெளியே கொட்டினார். மறுபடி ஊறியது, மறுபடி கொட்டினார். பிறகு ஒன்றும் செய்யாமல் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது முறை ஊறிய தண்ணீரில் குழியின் அடி மணல் தெரிந்தது. அதைத்தான் கிண்ணம் கிண்ணமாகக் குடத்தில் ஊற்றினார். எனக்குப் பொறுமை இல்லை. "இன்னுங் கொஞ்சம் ஆழமாத் தோண்டுனா சீக்கிரம் நெறையுமே ஆச்சி" என்றேன். "தோண்டுனா உப்பு வந்துரும் தம்பி. ஊறுற வரைக்கும் உக்காரு" என்றார்.

நான் கீழே சொல்கிற முறை கிட்டத்தட்ட அந்த ஆச்சியின் முறைதான். குழி ஆழமில்லை, ஆனால் தினமும் தோண்ட வேண்டும்.

முதலில் நோட்டு

நல்ல அட்டை போட்ட டைரி வாங்காதீர்கள். அழகான டைரியில் அசிங்கமாக எழுத மனசு வராது. ஆரம்பத்தில் நீங்கள் எழுதப்போவது எல்லாம் அசிங்கமாகத்தான் இருக்கும். சட்டைப் பையில் அடங்குகிற 40 பக்க நோட்டு போதும். கடற்காற்றில் தாள் எப்போதும் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். ஜெல் பேனா ஊறிவிடும். பால்பாயிண்ட் அல்லது பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டு போடுகிற பிளாஸ்டிக் உறை ஒன்று கிடைத்தால் நோட்டை அதில் போட்டு வையுங்கள். மீன் வாங்கிய கையோடும் எடுக்கலாம்.

செல்போனில் பேசிப் பதிவு செய்கிறவர்களும் இருக்கிறார்கள். தப்பில்லை. கரையில் நின்று பேசினால் காற்றுச் சத்தம் மட்டும்தான் பதிவாகும், அதனால் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று போனை நெஞ்சோடு ஒட்டிப் பிடியுங்கள். அன்றைக்கு ராத்திரியே நோட்டில் ஏற்றிவிடுங்கள். நான் ஒருமுறை விட்டுவிட்டேன். நாலு நாள் கழித்துக் கேட்டால், 'நீலச் சட்டி, அவரு சிரிச்சது' என்று என் குரலே எனக்குச் சொல்கிறது. எந்தச் சட்டி, எவர் சிரித்தார்? இன்றுவரை தெரியவில்லை.

நோட்டில் என்ன எழுதுவது? யோசனைகளை எழுதாதீர்கள். 'வாழ்க்கை ஒரு படகு' மாதிரி வருகிறதெல்லாம் குழியில் முதலில் ஊறுகிற கலங்கல். கண்ணால் பார்த்தது ஒன்று, காதால் கேட்டது ஒன்று, அவ்வளவுதான் ஒரு நாளைக்கு. என் நோட்டிலிருந்து ஒன்று சொல்கிறேன். ஐஸ் பாரைக் கொக்கி போட்டு இழுக்கும்போது சிமெண்ட் தரையில் ஓர் ஈரக்கோடு விழும். மே மாதத்தில் அடுத்த பார் வருவதற்குள் அந்தக் கோடு ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் காய்ந்து, நூல் மாதிரி ஆகிவிடும். இதை எழுதி மூன்று வருஷம் கழித்து, மகன் வெளிநாடு போன வீடு ஒன்றைப் பற்றிய கதையில் அந்த ஈரக்கோடு தானாக வந்து உட்கார்ந்தது. எழுதிய அன்று அது எதற்கும் உதவவில்லை.

நேரம் தேடாதீர்கள், ஒட்டவையுங்கள்

'நேரம் கிடைத்தால்' என்கிற பேச்சை விட்டுவிடுங்கள், கிடைக்காது. தினமும் தவறாமல் நடக்கிற ஒரு வேலையோடு பத்து நிமிஷத்தை ஒட்டவைத்துவிட வேண்டும். எனக்கு அது கடைசிப் படகுக்கு ஐஸ் ஏற்றி முடித்ததற்கும் ஆறு மணி பஸ்ஸுக்கும் நடுவில் வருகிறது. எனக்குத் தெரிந்த ஓர் அக்கா கிரைண்டர் ஓடுகிற நேரத்தில் எழுதுகிறார். இட்லிக்கு அரைக்கப் போட்டுவிட்டு, பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். கிரைண்டர் சத்தத்தில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. விழுந்தாலும் 'மாவு தள்ளிக்கிட்டிருக்கேன்' என்று சொல்லலாம். மாவு பொங்குகிற பதமும் அவர் கவிதையும் ஒரே நேரத்தில் வருகிறது என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். அவர் இதுவரை இரண்டு நோட்டு முடித்துவிட்டார். கேலி செய்கிறவர்கள் யாரும் ஒரு நோட்டும் முடிக்கவில்லை.

ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்கள்

ஊர் ஊராகச் சுற்ற வேண்டாம். ஓர் இடம் போதும். பாம்பன் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் தூக்கு, ஆட்கள் கையால் சுற்றித் திறக்கிறதாக இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் நடுப்பகுதி அப்படியே நேராக மேலே எழும்புகிறது. பஸ்ஸில் சாலைப் பாலத்தின் மேல் போகும்போது எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து போனைத் தூக்குவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் பஸ்ஸுக்குள் பாருங்கள். முதல் தடவை கடலைப் பார்க்கிற குழந்தையின் வாய், ஐந்தாயிரமாவது தடவை கடக்கிற கண்டக்டரின் முகம், இரண்டும் ஒரே சட்டத்தில் இருக்கும். வாரம் ஒருமுறை இதைச் செய்தால் ஆறு வாரத்தில் உங்களுக்கு எழுத ஆட்கள் கிடைத்துவிடுவார்கள்.

சொல் சேகரியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. 'காற்று வீசியது' என்று எழுதுகிறவரைக்கும் உங்கள் எழுத்தில் காற்று வீசாது. வடக்கே இருந்து வந்தால் வாடை, கிழக்கே இருந்து வந்தால் கொண்டல், தெற்கே இருந்து சோழகம், மேற்கே இருந்து கச்சான். 'கச்சான் எழும்பிருச்சு' என்று ஒருவர் சொன்னால் அதில் மாதமும் இருக்கிறது, கடல் எப்படி இருக்கும் என்பதும் இருக்கிறது, அன்றைக்கு அடுப்பு எரியுமா என்பதும் இருக்கிறது. பாசி என்று நாம் பொதுவாகச் சொல்வதைப் பாசி எடுக்கிற பெண்கள் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பிரித்துச் சொல்வார்கள். சந்தையில் குவித்து வைத்த மீன் குவியல் இல்லை, கூறு.

கேட்கிற நேரம் முக்கியம். படகு கரையேறும் நேரத்தில், ஏலம் ஓடும் நேரத்தில் நோட்டோடு போய் 'அண்ணே, இதுக்குப் பேரு என்ன' என்றால் திட்டு விழும். விழவேண்டியதுதான். கிழிந்த வலையைப் பொத்துகிற நேரத்தில் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நிழலில் உட்கார்ந்து வலை பொத்துவதும் படகுக்குப் பெயிண்ட் அடிப்பதுமாக ஆட்கள் கரையிலேயே இருப்பார்கள். எங்கள் ஐஸ் கம்பெனிக்கும் வேலை குறைவு. கையில் காசு இருக்காது, வாயில் கதை இருக்கும். போகும்போது ஒரு பிளாஸ்க் டீ கொண்டுபோங்கள். பேசுகிறவரின் முன்னால் எழுதாதீர்கள், எழுந்து வந்தபிறகு எழுதுங்கள். நோட்டைப் பார்த்ததும் மனுஷன் மேடைப் பேச்சுக்குத் தாவிவிடுவான்.

கூட்டாளிகளை என்ன செய்வது

எழுதுகிறவனுக்குத் தனிமை வேண்டும் என்று எங்கேயோ படித்துவிட்டு முதல் வருஷம் கூட்டாளிகளை ஒதுக்கிப் பார்த்தேன். நாலு மாதத்தில் எழுத ஒன்றுமில்லாமல் போனது, டீக்கடையில் எனக்கு ஒரு பட்டப்பெயர் வந்ததுதான் மிச்சம். கூட்டாளிகள்தான் நமக்கு ஊற்று மணல். ஆனால் சில விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும்.

எழுதப்போகிற கதையை டீக்கடையில் சொல்லாதீர்கள். நாலு பேர் 'அடேயப்பா' என்றுவிட்டால் அந்தக் கதைக்கு உரிய கூலி உங்களுக்கு அங்கேயே கிடைத்துவிடும், பிறகு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தால் ஆறிப்போன டீ மாதிரி இருக்கும். எழுதி முடித்த பிறகு சொல்லுங்கள், வேண்டுமானால் நாடகமாக நடித்தே காட்டுங்கள்.

படித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும். அவர் எழுத்தாளராக இருக்கத் தேவையில்லை, இல்லாமல் இருப்பது இன்னும் நல்லது. படகு இஞ்சின் ரிப்பேர் பார்க்கிற ஒருவன்தான் எனக்கு வாசகன். 'சூப்பர் மச்சான்' என்று சொல்லத் தெரியாதவன். கிரீஸ் கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்குவான், உதடு அசைய அசையப் படிப்பான். ஓர் இடத்தில் விரலை வைத்து, "இங்ஙன தூக்கம் வந்துச்சு" என்பான். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் அவன் விரல் வைத்த இடத்தில் பார்த்தால் நான் பெரிய மனுஷன் மாதிரி பேச ஆரம்பித்திருப்பேன். ஒவ்வொரு தாளிலும் அவனுடைய கிரீஸ் ரேகை ஒன்று இருக்கும், திருத்த வேண்டிய இடத்தைக் காட்டிக்கொண்டு.

வாரத்துக்கு ஒருநாள் நாலைந்து பேர் கூடுவது நல்லது. கிழமையை ஊருக்குத் தகுந்தபடி பாருங்கள். வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகாத ஊரும் இந்தக் கரையில் உண்டு, ஞாயிற்றுக்கிழமை போகாத ஊரும் உண்டு. ஆளுக்கு ஒரு பக்கம், அதற்கு மேல் கூடாது. எழுதாமல் வந்தவர் அன்றைக்கு வடை வாங்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் இந்தச் சட்டம் வந்த பிறகு எழுத்து கொஞ்சம் கூடியது, வடை ரொம்பக் குறைந்துவிட்டது.

ஒரே ஒருவரை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். 17ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடக் கீழக்கரை சீதக்காதி ஆதரவாக நின்றார் என்பது நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தக் காவியம் நிறைவேறுவதற்குள் சீதக்காதி காலமாகிவிட்டார் என்பதையும், பிறகு பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் கைகொடுத்தார் என்பதையும் பலரும் சொல்வதில்லை. புலவருக்கே இரண்டாவது ஆள் தேவைப்பட்டிருக்கிறது. நமக்கும் தேவைப்படும்.

எழுதுவதற்காக மட்டும் ஒருவரோடு பழகாதீர்கள். வலை இழுக்க ஆள் குறைந்தால் ஒரு கை கொடுங்கள், ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போங்கள். உங்களுக்கு நோட்டு நிறையவில்லை என்றாலும் போங்கள்.

நான் செய்த தப்பு

ஒரு கூட்டாளியின் அப்பா கடனுக்காகப் படகை விற்றார். அதை வைத்து ஒரு கதை எழுதினேன். பேரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், சாதியைக்கூட மாற்றினேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்து ஒரு சிறு பத்திரிகைக்கு அனுப்பினேன், வெளிவந்தது. அதில் ஒன்றை மட்டும் மாற்ற மனசு வரவில்லை. படகு போன பிறகும் இஞ்சின் பெட்டியின் பூட்டுச் சாவியை அவர் நிலைக்கதவு ஆணியில் மாட்டி வைத்திருந்தார். வாங்கியவருக்கு வேறு பூட்டு. இந்தச் சாவி எந்தப் பூட்டையும் திறக்காது. வீட்டை விட்டு வெளியே போகும்போதெல்லாம் கை தானாக அந்த ஆணிக்குப் போய்த் திரும்பும். கதையில் உயிராக இருந்ததே அந்த ஒரு வரிதான். அந்த வீட்டுக்கு ஒருமுறை போனவர்கள்கூட அதைப் படித்தால் யார் என்று சொல்லிவிடுவார்கள்.

கூட்டாளி கம்பெனிக்கு வந்தான். டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தான். "அந்தச் சாவிய நீ எழுதிருக்க வேணாம்டா" என்றான். அவ்வளவுதான். எட்டு மாதம் பேசவில்லை. ஒன்பதாவது மாதம் ஐஸ் கடனாகக் கேட்டு வந்தான், நானும் ஒன்றும் பேசாமல் எழுதிக்கொண்டேன். இப்போது பேசுகிறோம். ஆனால் அவன் வீட்டுக்குள் என்னை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போகும்போது, திரும்பி ஒருதடவை என் சட்டைப் பையைப் பார்ப்பான்.

ஆகவே என் சட்டம் இது. ஒருவரின் துக்கத்தை எடுத்தால், அச்சுக்குப் போகும் முன் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வேண்டாம் என்றால் அது நோட்டிலேயே இருக்க வேண்டும். 'கற்பனை' என்று போட்டுக்கொள்வது போலீசுக்கு வேண்டுமானால் பதிலாகும், கூட்டாளிக்கு ஆகாது. இன்னொன்று: எல்லை தாண்டியதாகப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களின் வீட்டு வாசலில் நோட்டோடு நிற்காதீர்கள். அவர்கள் திரும்பி வரட்டும். வந்து சோறு தின்று, தூங்கி, ஊர் வம்பு பேச ஆரம்பித்த பிறகு, அவர்களே சொன்னால் கேளுங்கள்.

ஒன்றுமே வராதபோது

வராது. சில மாதம் அப்படித்தான் இருக்கும். அதற்குப் பாம்பன்காரர்களிடம் ஒரு வழி இருக்கிறது. இங்கே வடகடல், தென்கடல் என்று இரண்டு கடல். பாக் நீரிணைப் பக்கம் ஒன்று, மன்னார் வளைகுடாப் பக்கம் ஒன்று. தென்மேற்குக் காற்று காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். வாடைக் காலத்தில் அப்படியே தலைகீழ். நாட்டுப்படகுக்காரர்கள் காற்றைப் பார்த்துக் கரையை மாற்றிக்கொள்வார்கள். ஒரே கடலோடு மல்லுக்கு நிற்கிறவர் யாரும் இல்லை.

நீங்களும் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். கதை எழுதுகிறவர் படம் வரையலாம், பாட்டுப் பாடுகிறவர் ஓலை முடையலாம். இரண்டாவது வேலையில் நீங்கள் கெட்டிக்காரராக இருக்கக் கூடாது என்பது முக்கியம். நான் படம் வரைவேன். நான் வரைகிற படகு பார்ப்பதற்குச் செருப்பு மாதிரி இருக்கும். ஆனால் வரைவதற்காக வத்தை என்கிற நாட்டுப்படகு ஒன்றை அரைமணி நேரம் உற்றுப் பார்க்கிறேனே, அது அடுத்த மாதம் எழுத்தில் வரும்.

இரண்டு கடலும் மூடிக்கொண்டால் தடைக்காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய நோட்டை எடுத்துப் பொத்துங்கள். அறுந்த வாக்கியம், பாதியில் நின்ற கதை, தேதி போடாத குறிப்பு எல்லாவற்றையும் உட்கார்ந்து சரி பாருங்கள். புதிதாக எதுவும் எழுத வேண்டாம். இதை 61 நாளெல்லாம் நீட்டாதீர்கள், இரண்டு வாரம் போதும்.

எழுதியதை யாருக்குக் கொடுப்பது

பத்திரிகைக்கு அனுப்புவது அப்புறம். எதைப் பற்றி எழுதினீர்களோ அந்த வேலை தெரிந்தவருக்கு முதலில் வாசித்துக் காட்டுங்கள். போன வருஷம் பாசி எடுக்கிற பெண்களைப் பற்றி ஒரு கதை எழுதினேன். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, தீவுப் பக்கம் பாறை இடுக்கில் முங்கி எடுக்கிற வேலை அது. நோட்டில் நிறையக் குறித்து வைத்திருந்தேன், சொற்களெல்லாம் சரியாக இருக்கிறது என்று எனக்கு ஒரு மிதப்பு. நாற்பது வருஷமாகக் கடலில் முங்குகிற ஓர் அக்காவுக்கு அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்தேன். கருவாட்டை வெயிலில் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டார். முடித்ததும், "நல்லாத்தான் இருக்கு. ஆனா யேன் தம்பி அவளப் பறிக்க விட்ட?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"கிள்ளத்தான் செய்வோம். வேரோட பறிச்சா அடுத்த வாட்டி போறப்ப அங்க என்ன இருக்கும்?"

வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். 'பறித்தாள்' 11 இடத்தில் இருந்தது. எல்லாவற்றையும் அடித்தேன். 'கிள்ளினாள்' என்று இரண்டு இடத்தில் எழுதியதே போதுமாக இருந்தது, மற்ற ஒன்பது வாக்கியங்களும் தேவைப்படவில்லை.